ஆமாம், அம்மாவை பஸ்ஸில்தான் கூட்டிவந்தேன்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தையும் அதற்குக் கீழே நடந்த திருவிழாவையும் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள். பெங்களூரு விமான நிலையத்திலிருந்து ஊர் நடுவே இருக்கும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு வரும் கேஐஏ-9 பஸ்ஸில், ஜன்னலோரம் அம்மா. அவ்வளவுதான் படம். "மதுரையிலிருந்து ஃப்ளைட்டில் கூட்டிவரக் காசு இருக்கு, கேப் வைக்கக் காசு இல்லையா?" என்று ஒருவர் கொளுத்திப் போட்டார். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மாமா, உங்கள் பொம்மையையும் பார்த்தேன்.

காசு இல்லாமல் பஸ்ஸில் ஏறவில்லை. நல்ல பஸ் இருந்தது, ஏறினோம். இதில் புரியாதது என்ன?

2008 மே மாதம் வரைக்கும் இந்த ஊர் விமான நிலையம் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை பக்கம், ஊருக்குள்ளேயே இருந்தது. அப்புறம் தேவனஹள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மெஜஸ்டிக்கிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்காகவே பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகமான பிஎம்டிசி விட்டதுதான் இந்த வாயு வஜ்ரா. ஏசி பஸ். பெட்டி வைக்கத் தனித் தட்டு. நடுராத்திரியில் இறங்கினாலும் வண்டி உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டி போகிறவர்களுக்கு கேஐஏ-8 என்று ஒவ்வொரு திசைக்கும் ஒரு நம்பர். டிக்கெட், டாக்ஸிக்குக் கொடுப்பதைவிட ரொம்பவே குறைவு. இதில் ஏறுவது கஞ்சத்தனமாம்.

"வயசானவங்களை இப்படியா இழுத்தடிப்பது?" என்று கேட்டவர்களுக்கு: அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது உங்களைவிட எனக்குத் தெரியும். அது தாழ்தளப் பேருந்து, ஒரே ஒரு படி. கண்டக்டர் கைகொடுத்து "நிதானா அம்மா, நிதானா" என்றார். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாத அம்மாவுக்கு அது அப்படியே புரிந்துவிட்டது. உட்கார்ந்ததும் "ஏப்பா, இங்கேயும் பொம்பளைகளுக்கு ஃப்ரீயா?" என்று கேட்டார். மதுரை டவுன் பஸ் பழக்கம். இங்கேயும் சக்தி திட்டம் இருக்கிறது, ஆனால் இந்த ஏசி வண்டிக்குக் கிடையாது, அதுவும் இந்த மாநிலத்துப் பெண்களுக்குத்தான் என்றேன். "சரி, காசு கொடு, நல்லாத்தானே இருக்கு" என்றார். இதுதான் நான் அவரைப் படுத்திய பாடு.

"நேரம் விரயம்" என்றார் இன்னொருவர். வழியில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும் ஹெப்பாளில் சாயங்காலம் நின்று பாருங்கள் ஐயா. உங்கள் கேப் என்ன, மேலே பறக்குமா? எங்களுக்குப் பின்னால்தான் நிற்கும், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

மெஜஸ்டிக்கிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ பிடித்தது சிரமம்தான். மூன்று ஆட்டோக்காரர்கள் வர மாட்டேன் என்றார்கள், அம்மா கால் மணி நேரம் நின்றார். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பஸ்ஸின் குற்றமா?

எனக்குப் புரியாதது இதுதான். சென்னையில் 2016-லேயே ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ வந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் இறங்கி மெட்ரோ ஏறிப் படம் போட்டால் "சூப்பர் ப்ரோ, வேர்ல்ட் கிளாஸ்" என்கிறீர்கள். அதே ஆள் பஸ்ஸில் ஏறினால் பிச்சைக்காரன். இங்கே அந்த மெட்ரோ வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடியட்டும், அன்றைக்கு இதே அம்மாவை அதில் உட்கார வைத்துப் படம் போடுகிறேன், ஹார்ட் விடுவீர்கள். லண்டனில் ஏர்போர்ட் பஸ் ஏறியதைப் பத்து படம் போட்டவரும் அந்தச் சிரிப்புக் கூட்டத்தில் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அங்கே ஏறினால் அனுபவம், இங்கே ஏறினால் வக்கில்லாதவன்.

என் அப்பா பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தவர். இதை நான் மறைத்ததே இல்லை. தோல்பையும் விசிலும் கடைசிவரை வீட்டு ஆணியில் தொங்கின. காலேஜ் ஃபீஸ் கட்ட அப்பா எடுத்துவந்த நோட்டுகளில் டிக்கெட் கிழிக்கும் விரல் ஈரம் இருக்கும். அம்மா பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் முதலில் கண்டக்டர் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருப்பது எதற்கு என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? மேக்ரி சர்க்கிள் தாண்டும்போது, "உங்கப்பா இப்படி ஒரு வண்டியில டூட்டி பார்த்திருந்தா இடுப்பு தப்பிச்சிருக்கும்" என்றார். அதைக் கேட்டுத்தான் படம் எடுத்தேன். அதை எழுதாமல் வெறும் படத்தைப் போட்டது என் தப்பு.

கமெண்ட்டை எல்லாம் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அத்தை பெண் போன் போட்டு வாசித்துக் காட்டியிருக்கிறாள். நேற்று ராத்திரி அம்மா கூப்பிட்டு, ஊருக்குத் திரும்பும்போது கார் வைத்துவிடு என்றார். கால் வலிக்குதாம்மா என்றேன். "கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன்னை நாலு பேர் ஒண்ணு சொல்லக்கூடாதுல்ல."

கேப் புக் பண்ணிவிட்டேன். மாமா, பில்லை உங்களுக்கு அனுப்பட்டுமா?