கிம்ப்ரெலை அனுப்பியது தப்பில்லை, தாமதம்தான்

2024 செப்டம்பரில் அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ், தன் குளோசர் (கடைசி இன்னிங்ஸில் பந்து வீசி முன்னிலையைக் காப்பவர்) கிரெய்க் கிம்ப்ரெலைக் கழற்றிவிட்டதை 'நன்றிகெட்ட செயல்' என்று ஒரு கட்டுரை சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதுவரை 440 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்), 9 முறை ஆல் ஸ்டார் (சிறந்த வீரர்களுக்கான ஆட்டத்துக்குத் தேர்வு). யார் மறுத்தார்கள்? ஆனால் அணியின் வழக்கமான குளோசர் ஃபெலிக்ஸ் பாட்டிஸ்டா முழங்கை அறுவைச் சிகிச்சையால் அந்த ஆண்டு முழுக்க ஆட முடியாது என்றானதும், கடைசி இன்னிங்ஸைக் கட்டிக் காக்கத்தானே 1.3 கோடி டாலர் கொடுத்து கிம்ப்ரெலைக் கூட்டிவந்தார்கள்? ஜூலை வரை ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இடுப்பை மடக்கிக் குனிந்து, வலது கையைப் பருந்துச் சிறகு மாதிரி தொங்கவிட்டு நிற்பாரே, முன்பு அதைப் பார்த்தாலே எதிரணிக்கு உதறும். கடைசியில் நம் ரசிகர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கியது: ஐயோ, முதல் ஆளையே வாக் கொடுத்து (நான்கு தப்புப் பந்து வீசி, இலவசமாக முதல் பேஸுக்கு) அனுப்பிவிடுவாரோ!

செப்டம்பர் 17, சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியுடன் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்தார், மூன்று அவுட் எடுக்கும் முன்பே 6 ரன் விட்டுக்கொடுத்தார். மறுநாளே பெயர் நீக்கம். அப்போது அவருடைய ஈ.ஆர்.ஏ. 5.33, அதாவது 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5 ரன்னுக்கு மேல் விட்டுக்கொடுத்திருக்கிறார். குளோசருக்கு இது ரொம்ப அதிகம்.

பிளே ஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக் அவுட் சுற்று) வாசலில் நிற்கும் அணி, பழைய பெருமைக்காக ஓர் இடத்தை ஒதுக்கி வைக்க முடியுமா? ஆகஸ்டிலேயே செய்திருக்க வேண்டும். அதற்காக அவரைக் கோமாளி என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2011-இல் புதுமுக (ரூக்கி) சீசனிலேயே 46 சேவ் எடுத்தவர் ஐயா அவர்.