மகளுக்கு ஒரு பட்டியல், மகனுக்கு வேறொரு பட்டியலா?

சென்ற வாரம் நண்பர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. "மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது. பெண்கள் வரைந்த காமிக்ஸாக நாலைந்து சொல்லுங்களேன்." இப்படி ஒருவர் கேட்பதற்காகவே காத்திருப்பவன் நான். உட்கார்ந்து பட்டியல் போட ஆரம்பித்தேன். பாதியில் அடுத்த செய்தி: "அப்படியே மகனுக்கும் இரண்டு சொல்லிவிடுங்கள். அவனுக்குச் சண்டை, சாகசம் என்று நல்ல காமிக்ஸாக இருக்கட்டும்."

அந்த 'நல்ல' என்ற சொல் வந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது.

நண்பர் மீது குற்றமில்லை. அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் பெண் படைப்பாளிகளை நாம் கொண்டாடும் லட்சணமே இதுதான். அவர்களுக்கென்று தனியாக ஓர் அலமாரி ஒதுக்குகிறோம். ஆண்டுக்கொரு முறை அதைத் துடைத்து, கைதட்டி, நம் வீட்டுப் பெண் பிள்ளைகளை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பிவைக்கிறோம். மற்ற நாட்களில் எல்லோரும் 'நல்ல' காமிக்ஸ் இருக்கும் அலமாரிக்குப் போய்விடுகிறோம்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' என்ற மாங்காவின், அதாவது ஜப்பானியக் காமிக்ஸின், 27 பாகங்களையும் படித்து முடித்தவன். 2001 முதல் 2010 வரை பையன்களுக்கான ஒரு மாத இதழில் வந்த தொடர் அது. கண்ணில் பட்டவரிடமெல்லாம் "ஹிரோமு அரகாவா என்னமாய் வரைகிறார் பாருங்கள்" என்று சொல்லித் திரிந்தேன். ஹொக்கைடோவில் பால் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்த பெண் அவர் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. இயற்பெயர் ஹிரோமி. ஆண் பெயர் போல ஒலிக்கட்டும் என்று ஹிரோமு ஆக்கிக்கொண்டார். தன் படம் போட வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடி மாட்டிய ஒரு பசுமாட்டை வரைந்து வைப்பார். மாட்டைப் பார்த்துச் சிரித்தேனே தவிர, அதன் பின்னால் யார் என்று நான் யோசிக்கவே இல்லை.

தமிழின் 'அவர்' மிக அழகான சொல். ஆணா பெண்ணா என்று சொல்லாமலே ஒருவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிவிடலாம். ஆனால் அப்படிக் காலியாக விட்ட இடத்தில் மனம் சும்மா இருப்பதில்லை, சட்டென்று ஒரு மீசையை வரைந்துவிடுகிறது.

அந்த மீசையை நம்பித்தான் பலர் பெயரையே வெட்டிக்கொண்டார்கள். டேலியா மெஸ்ஸிக் என்ற அமெரிக்கப் பெண், பெண் பெயரைப் பார்த்ததுமே பத்திரிகைக்காரர்கள் படத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று 'டேல்' ஆனார். 1940-ல் அவர் தொடங்கிய 'பிரெண்டா ஸ்டார்' என்ற பெண் நிருபரின் கதை 2011 வரை நாளிதழ்களில் வந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அதன் முதன்மை ஓவியர்களாக இருந்தவர்கள் பெண்கள்தான். ஜூன் டார்பே மில்ஸ், 'ஜூன்' என்பதை விட்டுவிட்டு டார்பே மில்ஸ் என்று மட்டும் கையெழுத்துப் போட்டார். 1941-ல் சிறுத்தைத் தோல் அணிந்த 'மிஸ் ஃபியூரி'யை அவர் இறக்கிவிட்டபோது வொண்டர் வுமன் பிறக்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதப் பெண் லிலி ரெனே, போர்க்காலத்தில் நியூயார்க்கில் 'எல். ரெனே' என்ற கையெழுத்தோடு காமிக்ஸ் வரைந்தார். வாசகர் கடிதங்கள் 'திரு. ரெனே'வுக்கு வந்து குவிந்தன.

வொண்டர் வுமன் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இதை எழுதாமல் இந்தப் பதிவை முடிக்க மாட்டேன்.

வொண்டர் வுமனை உருவாக்கியவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியல் பேராசிரியர். 1944-ல் அவர் தன் மாணவி ஒருத்தியின் விடைத்தாளைப் படித்து அசந்துபோய், அவரைக் கதை எழுத வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். ஜாய் ஹம்மல் என்ற அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 19. அதே ஆண்டு மார்ஸ்டனைப் போலியோ தாக்கியது. எழுத்துச் சுமையில் பெரும்பகுதி ஜாயின் தலையில் விழுந்தது. 1947-ல் திருமணமாகி விலகும் வரை எழுபதுக்கும் மேற்பட்ட கதைகளை எழுதினார். அத்தனையும் 'சார்லஸ் மௌல்டன்' என்ற மார்ஸ்டனின் புனைபெயரில் அச்சேறின. உலகத்திலேயே பெயர் பெற்ற பெண் நாயகியின் வாயில் வசனம் வைத்த பெண்ணுக்கு, அட்டையில் ஓர் ஆணின் பெயர். அதுவும் பொய்ப்பெயர். 2018-ல் காமிக்ஸ் உலகம் அவரைத் தேடிப் பிடித்து பில் ஃபிங்கர் விருது கொடுத்தபோது அவருக்கு 94 வயது. (பில் ஃபிங்கரே பேட்மேனைச் சேர்ந்து உருவாக்கிவிட்டுப் பெயர் கிடைக்காமல் போனவர். பொருத்தமான விருதுதான்.)

1941-ல் பிறந்த வொண்டர் வுமனின் காமிக்ஸை முதன்முதலாக ஒரு பெண் வரைந்தது எப்போது தெரியுமா? 1986-ல். நாற்பத்தைந்து வருடம். வரைந்தவர் டிரினா ராபின்ஸ். அவரிடம் பிறகு வருகிறேன்.

கதை எழுதுபவர், பென்சிலில் வரைபவர், மை தீட்டுபவர், வண்ணம் கொடுப்பவர், பேச்சுக் குமிழில் எழுத்து எழுதுபவர் என்று ஒரு காமிக்ஸைத் தொட்ட கைகள் பல. புகழ் முதல் இரண்டு பேரோடு நின்றுவிடும். பெண்கள் பெரும்பாலும் நான்காவது நாற்காலியில் இருந்தார்கள். டின்டினை உருவாக்கிய எர்ஜேயின் ஓவியக்கூடத்தில் அந்தக் கதைகளுக்கான வண்ணப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஜோசெட் போஜோ. 1986-ல் வந்து பேட்மேனின் தலையெழுத்தையே மாற்றிய 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' கதையின் வண்ணங்கள் லின் வார்லியின் கைவேலை. அந்தக் கதையைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. வார்லி என்றால் யார் என்று கேட்பார்கள். அந்த அழுக்கு வானத்தை, தொலைக்காட்சித் திரைகளின் அந்த வெளிறிய வெளிச்சத்தை எடுத்துவிட்டு அந்தப் பக்கங்களை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

"பெண்கள் வரையவில்லை, அதனால்தான் வரலாற்றில் இல்லை" என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2016-ல் பிரான்சின் அங்கூலேம் காமிக்ஸ் விழாவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. வாழ்நாள் சாதனைக்கான பெரும்பரிசுக்கு 30 பெயர்களைப் பட்டியலிட்டார்கள். ஒரு பெண் இல்லை. கேட்டதற்கு, காமிக்ஸ் வரலாற்றில் பெண்கள் குறைவு, நாங்கள் என்ன செய்வது என்று கையை விரித்தார்கள். பெண் படைப்பாளிகளின் அமைப்பு ஒன்று புறக்கணிப்புக்கு அழைப்பு விட்டது. பட்டியலில் இருந்த ரியாத் சத்தூஃப் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அவரைத் தொடர்ந்து இன்னும் பலர் விலகினார்கள். கடைசியில் பட்டியலையே கைவிட்டு, படைப்பாளிகள் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம் என்று விழா இறங்கி வந்தது.

அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் அந்தப் பெரும்பரிசை முழுதாக வாங்கிய பெண் ஒருவர்தான்: 2000-ல் ஃப்ளோரன்ஸ் செஸ்டாக். 1983-ல் கிளேர் பிரெட்டெஷேவுக்குக் கொடுத்தது விழாவின் பத்தாம் ஆண்டுச் சிறப்புப் பரிசு. இப்போது பின்னால் நடந்ததைப் பாருங்கள். 2019-ல் ரூமிகோ தகாஹாஷி, 2022-ல் ஜூலி டூசே, 2024-ல் போஸி சிமண்ட்ஸ், 2025-ல் அனூக் ரிக்கார். 2019 முதல் 2025 வரை ஏழு பரிசுகளில் நான்கு பெண்களுக்கு. இவர்கள் யாரும் 2016-க்குப் பிறகு திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். தகாஹாஷி 1978 முதல் தொடர்கதை வரைந்துகொண்டிருக்கிறார். அவர் புத்தகங்கள் 20 கோடிப் பிரதிகளைத் தாண்டியவை. முப்பது பேர் பட்டியலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் பட்டியல் போட்டவர் எந்தக் கடையில் காமிக்ஸ் வாங்குகிறார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஜப்பானியப் பெண்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிற்காது. 1946-ல் 'சசாயே-சான்' தொடரைத் தொடங்கிய மச்சிகோ ஹசேகவா, வெளியீட்டாளர்களை நம்பாமல் தன் சகோதரியோடு சேர்ந்து சொந்தப் பதிப்பகமே நடத்தினார் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இந்தப் புள்ளிவிவரம் எல்லாம் வாதத்துக்கு உதவும். ஆனால் எனக்கு இதைவிட முக்கியம், பக்கத்தைத் திறந்து பார்ப்பது.

ஈரானில் வளர்ந்த மார்ஜான் சத்ரபி தன் சிறுவயதைச் சொல்லும் 'பெர்செபோலிஸ்' முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிலும் வந்திருக்கும் புத்தகம்தான். முதல் கட்டத்தில் முக்காடு அணிந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உர்ரென்று நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். 1980-ஆம் ஆண்டு என்று சொல்கிறாள். இரண்டாவது கட்டம் வகுப்புப் புகைப்படம். வரிசையாக நான்கு சிறுமிகள், எல்லோருக்கும் ஒரே கறுப்பு முக்காடு. இடது ஓரத்தில் ஐந்தாமவள் இருக்கிறாள், ஆனால் கட்டத்தின் கோடு அவளை வெட்டிவிட்டது. ஒரு துணுக்குதான் தெரிகிறது. நான் ஓரத்தில் இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை என்று அவளே சொல்கிறாள். தன் சுயசரிதையின் இரண்டாவது கட்டத்திலேயே தன்னைக் கட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார் சத்ரபி! நாவலில் இதைச் சொல்ல ஒரு பத்தி வேண்டும். இங்கே ஒரு கோடு. அதே பக்கத்தில், புதிதாகக் கட்டாயமாக்கப்பட்ட முக்காட்டைச் சிறுமிகள் கழற்றிக் கயிறாகத் திரித்து, பள்ளி முற்றத்தில் தாண்டி விளையாடுகிறார்கள். சட்டம் போட்டவன் இதை எதிர்பார்த்திருக்க மாட்டான்.

எமில் ஃபெரிஸ் என்ற அமெரிக்கப் பெண் ஓவியரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் கொசுக்கடியில் ஆரம்பிக்கிறார்கள். வெஸ்ட் நைல் வைரஸ் தாக்கி, வரையும் கையே செயலிழந்து, பேனாவைக் கையோடு ஒட்டுநாடாவால் கட்டிக்கொண்டு மீண்டும் வரையப் பழகினார். உண்மைதான், உருக்கமானதுதான். ஆனால் அந்த உருக்கத்தோடு புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். 2017-ல் வந்த 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' புத்தகத்தைத் திறந்தால், கோடு போட்ட பள்ளி நோட்டு. தன்னை ஓநாய்ப் பெண்ணாக நினைத்துக்கொள்ளும் பத்து வயதுச் சிறுமியின் டைரி. எல்லாம் சாதாரண பால்பாயிண்ட் பேனா. குறுக்கும் நெடுக்குமாக இழுத்த கீறல்கள் அடர்ந்து அடர்ந்து ஒரு கன்னமாகின்றன, ஒரு கண்ணிமையின் ஈரமாகின்றன. அருங்காட்சியகத்து எண்ணெய் ஓவியங்களையும் அதே பேனாவால் நோட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறாள் அந்தப் பெண். அடியில் நோட்டின் நீலக் கோடுகள் அப்படியே தெரிகின்றன. வைரஸ் வராமல் இருந்திருந்தாலும் இது பெரிய புத்தகம்தான்.

அலிசன் பெக்டலின் பெயர் அவர் பெயரில் வழங்கும் திரைப்படச் சோதனையால் பலருக்குத் தெரியும். இரண்டு பெண்கள் ஆணைப் பற்றியல்லாமல் வேறு ஏதாவது பேசிக்கொள்கிறார்களா என்ற சோதனை. அது 1985-ல் அவர் வரைந்த ஒரு காமிக்ஸ் பக்கத்தில் வந்த நகைச்சுவை என்பது பலருக்குத் தெரியாது. 2006-ல் வந்த 'ஃபன் ஹோம்' தன் தந்தையைப் பற்றியது. அதை வரைய ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் உருவத்துக்கும் தானே அந்த நிலையில் நின்று, கேமராவில் தன்னைப் படமெடுத்து, அதைப் பார்த்து வரைந்தார். இறந்துபோன அப்பாவாகவும் அவரேதான் நின்றார். புத்தகத்தில் அந்த மனிதரின் தோள் சாய்வைப் பார்க்கும்போதெல்லாம், காலி அறையில் ஒரு மகள் அப்பாவைப் போல நின்று பார்க்கும் காட்சி என் கண்ணில் வந்துவிடுகிறது.

டிரினா ராபின்ஸுக்கு வருகிறேன் என்றேன். 1970-ல் முழுக்கப் பெண்களே எழுதி வரைந்த முதல் அமெரிக்கக் காமிக்ஸைத் தொகுத்தவர் அவர். ஆண்கள் தங்கள் தொகுப்புகளில் சேர்க்கவில்லை, அதனால் சொந்தமாகவே ஒன்று. 1972-ல் தொடங்கிய 'விம்மென்ஸ் காமிக்ஸ்' இருபது ஆண்டுகள் வந்தது. ஆசிரியர் நாற்காலியில் யாரும் நிரந்தரமாக உட்காரக் கூடாது என்று இதழுக்கு இதழ் ஆளை மாற்றினார்கள். பிறகு டிரினா பழைய நாளிதழ்களுக்குள் தலையை விட்டார். மேலே நான் அடுக்கிய டேல் மெஸ்ஸிக், டார்பே மில்ஸ், லிலி ரெனே ஆகியோரையெல்லாம் தூசி தட்டி, புத்தகம் புத்தகமாக எழுதி, மறுபடியும் வாசகர் கண்ணில் காட்டியவர் அவர்தான். 2024-ல் காலமானார். சொந்தப் படங்களை வரைந்திருக்க வேண்டிய எத்தனை ஆண்டுகளை மற்றவர்களின் கையெழுத்தைத் தேடுவதில் செலவழித்தார் என்று நினைத்தால் எனக்கு நன்றியோடு கொஞ்சம் கோபமும் வருகிறது.

நண்பருக்கு அன்று இரவே பதில் அனுப்பினேன். மகளுக்கும் மகனுக்கும் ஒரே பட்டியல். 'பெண்கள் வரைந்தவை' என்ற தலைப்பை எடுத்துவிட்டேன். சண்டையும் சாகசமும் அதிலேயே போதுமான அளவு இருக்கிறது, இரண்டு பிள்ளைகளும் அடித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி என்றும் எழுதினேன்.

மறுநாள் நண்பர் அழைத்தார். பட்டியலில் முதலில் இருந்த ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டை மகன் ஏற்கெனவே நண்பனிடம் இரவல் வாங்கி ஒன்பதாம் பாகம் வரை படித்துவிட்டானாம். "வரைந்தது ஒரு பெண், தெரியுமா?" என்று கேட்டாராம் அப்பா.

"மாடு இல்லையா?" என்றானாம் பையன்.