குதிகால் முள்ளை ஒலி அலை கரைப்பதில்லை

“அல்ட்ராசவுண்ட் வைத்தால் குதிகாலில் வளர்ந்த எலும்பு முள் ஒரே தடவையில் கரைந்துவிடும்” என்று மேலே நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். எந்த ஒலி அலையும் அந்த முள்ளைக் கரைப்பதில்லை. வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அந்த முள் இருக்கிறது. காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகிற வலி பெரும்பாலும் உள்ளங்காலின் தசைநார்ப் பட்டை நைந்துபோவதால் வருவது.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. சிறுநீரகக் கல்லை உடைக்க 1980இல் ஜெர்மனியில் முதன்முதலாகப் பயன்படுத்திய அதிர்வலை முறைதான் (உடலுக்கு வெளியிலிருந்து வலுவான அழுத்த அலைகளைச் செலுத்துவது) பிறகு குதிகாலுக்கும் வந்தது. அங்கே கல் உடைந்தது, ஆகவே இங்கே முள் உடையும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே நோக்கமே வேறு: நைந்த திசுவைத் தூண்டி ஆறவைப்பது. ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்துச் செலுத்தும் ‘குவித்த அல்ட்ராசவுண்டும்’ அப்படித்தான். தோலைக் கிழிக்காமல் உள்ளே நுண்ணிய புள்ளிகளைச் சூடாக்குகிறது.

பிசியோதெரபி நிலையங்களில் ஜெல் தடவித் தேய்க்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் இவை இரண்டிலிருந்தும் வேறானது. 1996இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் அது, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பாவனையாகச் செய்த போலிச் சிகிச்சையைவிட மேலான பலன் தரவில்லை. குதிகால் வலிக்கான அதிர்வலைக்கு அமெரிக்காவில் 2000இல் அனுமதி கிடைத்தது; ஆனால் 2002இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு அதிலும் கூடுதல் பலன் காணவில்லை. பிந்தைய சில ஆய்வுகள் பலன் இருப்பதாகச் சொல்கின்றன.

படுக்கையைவிட்டு எழுமுன் கால்விரல்களை உங்கள் பக்கம் இழுத்து நீட்டிப் பாருங்கள், மெத்தென்ற செருப்பு அணியுங்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் வலி தணிகிறது. பல மாதங்கள் இப்படிச் செய்தும் தணியாதவர்கள் எலும்பு மருத்துவரிடம் அதிர்வலை பற்றிக் கேட்கலாம்.