ஆட்சேபம் சொல்லவும் கட்டணமா?

கிளிவெக் வழக்கு என்றாலே நோவார்டிஸ் கம்பெனிக்குக் காப்புரிமை மறுத்து 2013 ஏப்ரலில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 2006 ஜனவரியில் நம்ம சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதன் காப்புரிமை விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. ரத்தப் புற்றுநோய் மாத்திரைதான் கிளிவெக். நோவார்டிஸ் விலையில் அப்போது மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய், இந்தியக் கம்பெனிகளிடம் 10,000 ரூபாய் அளவில். அந்தக் கம்பெனிகளோடு புற்றுநோயாளிகளுக்கான ஒரு தொண்டு அமைப்பும் ஆட்சேபம் தாக்கல் செய்திருந்தது.

தெரிந்த மருந்தின் வேதி உப்பு வடிவத்தையோ படிக வடிவத்தையோ மாற்றிவிட்டு, குணமாக்கும் திறன் கூடியதாகக் காட்டாமல் புதுக் காப்புரிமை கேட்டால் கிடையாது என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அருமையான பிரிவுதான். ஆனால் மேசையில் குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களில் எது பழைய சரக்கு என்று அதிகாரிக்கு யாராவது எடுத்துக் காட்டினால் உதவும். அதற்காகத்தான், காப்புரிமை தருவதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று சட்டம் வழிவிட்டது.

பெடாகுவிலின் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான மாத்திரை இது. மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய சிகிச்சையின் பக்கவிளைவால் காது கேளாமல் போனவர்கள். இருவரும் ஆட்சேபித்தார்கள். அதன் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட காப்புரிமை 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது. கிடைத்திருந்தால் ஏகபோகம் 2027 வரை ஓடியிருக்கும். ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு: மூலக் காப்புரிமையில் யாரும் கை வைக்கவில்லை, அது 2023 ஜூலையில் தன் காலம் முடிந்துதான் காலாவதியானது.

இப்படி இருக்க, 2024 மார்ச்சில் காப்புரிமை விதிகளைத் திருத்தினார்கள். அதுவரை இலவசமாக இருந்த ஆட்சேபத்துக்கு அப்போதிருந்து கட்டணம். ஆட்சேபம் விசாரணைக்கு ஏற்றதுதானா என்பதையும் அதிகாரி முதலில் முடிவு செய்வாராம். போட்டிக் கம்பெனிகள் பினாமி பெயரில் மனுப் போட்டு இழுத்தடிக்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நடக்கிறதுதான், மறுக்கவில்லை. அப்படி இழுத்தடிப்பவர்கள் மேல் அபராதம் போடுங்கள். கம்பெனிக்கு இந்தக் கட்டணம் வக்கீலின் டீச்செலவுக்குக்கூடக் காணாது. அடுத்த மாத மாத்திரைக்கே கடன் வாங்கும் நோயாளிக்குத்தான் அது இடிக்கும். நோயாளிகளுக்கும் அவர்களுடைய அமைப்புகளுக்குமாவது கட்டணத்தை எடுத்துவிடலாம். அதற்குச் சட்டத்தைத் தொடக்கூட வேண்டாம், விதியில் ஒரு வரி திருத்தம் போதும்.