அந்தத் திரை யாருக்கு யாரைக் காட்டணும்?

ஒரு ஸ்கூல்ல ஸ்மார்ட் கிளாஸ் வந்துடுச்சுன்னு யாராவது பெருமையா சொன்னா நான் கேக்கறது ஒண்ணுதான். அது ஓடிட்டு இருக்கும்போது பிள்ளைங்க என்ன பண்ணிட்டு இருக்காங்க? பெரும்பாலும் வர்ற பதில், "பாத்துட்டு இருக்காங்க". சுவர் அகலத்துக்கு திரை, அதுல கலர் கலரா இதயம் துடிக்குது, ரத்தம் ஓடுது, பின்னாடி ஒரு குரல் விளக்கம் சொல்லிட்டே போகுது, பிள்ளைங்க கையைக் கட்டிட்டு வாயைப் பொளந்து உக்காந்திருக்கு, முடிஞ்சதும் புரிஞ்சுதான்னு கேட்டா மொத்தக் கிளாஸும் ஒரே ராகத்துல "புரிஞ்சுது டீச்சர்". உடனே ஒரு தாளைக் குடுத்து ரத்தம் நுரையீரலுக்கு எதுக்குப் போகுது எழுதுன்னு சொல்லிப் பாருங்க. பாதிப் பேர் பேனா மூடியைக் கடிச்சுட்டு இருப்பாங்க.

நான் டெக்னாலஜிக்கு எதிரி கிடையாது, கமென்ட்ல யாரும் என்னைக் கற்காலத்துக்கு அனுப்பிடாதீங்க. நடுநிலை வகுப்புகளுக்கு கணக்கும் அறிவியலும் எடுக்கற ஆளு நான், கம்ப்யூட்டர் இல்லாம எனக்கு வாரம் ஓடாது. என் வருத்தம் வேற. நாம வாங்கற சாமான் முக்கால்வாசி பிள்ளைங்களுக்கு எதையோ காட்டறதுக்கு. எனக்கு வேணுங்கறது, பிள்ளைங்க மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குக் காட்டற சாமான். ரெண்டும் ஒரே பட்ஜெட்ல வருது, ஒரே பேர்ல வருது, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல.

இந்தக் காட்டற ஆசை புதுசும் இல்ல. 1913லயே எடிசன், சினிமா வந்தாச்சு, இனி ஸ்கூல்ல புத்தகத்துக்கு வேலை இல்லன்னு சொல்லிட்டாரு. அப்புறம் ரேடியோ வந்துச்சு, டிவி வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் அதே பேச்சு. நடுவுல 1950கள்ல ஸ்கின்னர்னு ஒரு உளவியல்காரர் ஒரு பொட்டி மாதிரி மெஷின் செஞ்சாரு. அது கேள்வி கேக்கும், பிள்ளை பதில் எழுதணும், சரியா தப்பான்னு உடனே தெரிஞ்சுடும். அந்த மெஷின் நிலைக்கல, அவரோட மத்த கருத்துங்க மேல எனக்கும் பெரிய மரியாதை இல்ல, ஆனா பிள்ளை ஏதாவது செஞ்சாத்தான் மெஷின் அடுத்த அடி எடுத்து வைக்கும்ங்கற அந்த ஒரு விஷயம் மட்டும் சரி. இன்னைக்கு விக்கற பல வீடியோ ஆப்புல அதுகூட இல்ல, பிள்ளை தூங்கிட்டாலும் அடுத்த வீடியோ தானா ஓடும்.

ஒரு உதாரணம் சொன்னா நான் சொல்றது இன்னும் தெளிவா இருக்கும். தசம எண். 0.6, 0.45 ரெண்டுல எது பெருசுன்னு கேட்டா நிறைய பிள்ளைங்க 0.45ன்னு சொல்லும், ஏன்னா 45 பெருசு, 6 சின்னது. இது எல்லா கணக்கு டீச்சருக்கும் தெரிஞ்ச தப்பு. ஆனா இதே கேள்விக்கு 0.6ன்னு சரியா சொல்ற பிள்ளைங்களுக்குள்ள ஒரு கூட்டம் ஒளிஞ்சிருக்கும், அதுங்க நினைக்கறது என்னன்னா, புள்ளிக்கு அப்புறம் இலக்கம் கம்மியா இருந்தா எண் பெருசு, ஏன்னா பத்துல ஒண்ணு நூறுல ஒண்ண விட பெருசு தானே. அந்தப் பிள்ளைகிட்ட 0.3, 0.45 ரெண்டையும் குடுத்துப் பாருங்க, 0.3 பெருசுன்னு அடிச்சு சொல்லும். ஆக முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தா அந்தப் பிள்ளைக்கு ஒரு டிக் போட்டு அனுப்பியிருப்போம், ரெண்டு கேள்வியும் சேர்த்துக் கேட்டாத்தான் யாருக்கு என்ன குழப்பம்னு பிரியும். நாப்பது பேர் கிளாஸ்ல, பாடம் நடந்துட்டு இருக்கும்போதே, இதை எப்படிப் பிரிக்கறது? நோட்டை வாங்கித் திருத்தி முடிக்கறதுக்குள்ள நாம அடுத்த பாடத்துக்குப் போயிருப்போம்.

இங்க தான் டெக்னாலஜி வேணும். இதுக்கு ஆளுக்கு ஒரு டேப்லெட் கூட வேண்டாம். ப்ளிக்கர்ஸ்னு ஒண்ணு இருக்கு, பிள்ளைங்க கையில வெறும் அட்டை, அதுல ஒரு கட்டம் கட்டமான குறி அச்சடிச்சிருக்கும், எந்தப் பக்கம் மேல வர்ற மாதிரி பிடிக்கறாங்களோ அதுதான் பதில். டீச்சர் தன்னோட போனைத் தூக்கி கிளாஸை ஒரு வாட்டி சுத்திக் காட்டினா யார் யார் என்ன சொன்னாங்கன்னு வந்துடும். அட்டையைப் பாத்து பக்கத்துல இருக்கறவன் காப்பி அடிக்கறது கஷ்டம், ஏன்னா ஒவ்வொரு அட்டையிலயும் குறி வேற. ரெண்டு கேள்வி, ரெண்டு நிமிஷம், யாரோட உக்காந்து பேசணும்னு கையில லிஸ்ட். ஒரே ஒரு போன். கிளாஸ்ல இருக்கற மிச்ச எல்லாம் காகிதம். சுவர் சைஸ் திரை வாங்கற காசுல எத்தனை கிளாஸுக்கு இதைச் செய்யலாம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

சரி, பெரிய அளவுல என்ன ஆச்சுன்னு பாத்தா அங்கயும் இதே கதை தான். 2005ல அமெரிக்காவுல எம்ஐடி பேராசிரியர் நெக்ரோபான்ட்டே நூறு டாலர் லேப்டாப்னு அறிவிச்சாரே, ஞாபகம் இருக்கா, பிள்ளைக்கு ஒண்ணுன்னு, உலகமே கைதட்டுச்சு. பெரு நாடு லட்சக்கணக்குல வாங்கி கிராமத்து ஸ்கூலுக்கெல்லாம் குடுத்துச்சு. அங்க 319 ஸ்கூல்ல நடந்த ஆய்வு 2012ல வெளிவந்துச்சு. கணக்குலயும் மொழியிலயும் மார்க் ஏறல. சிந்தனைத் திறன் சோதனையில மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சுது. பிள்ளைங்க லேப்டாப்பைத் தொடலயான்னா, தொட்டாங்க, நல்லாவே தொட்டாங்க. ஆனா எந்தப் பாடத்துக்கு, என்ன செய்ய, யார் பாத்துக்கறதுன்னு எதுவும் இல்லாம பொருள் மட்டும் போய் இறங்கிடுச்சு.

அதுக்கு நேர் எதிரா டெல்லியில ஒண்ணு நடந்துச்சு. மைண்ட்ஸ்பார்க்னு ஒரு சாஃப்ட்வேர், பள்ளி முடிஞ்ச பிறகு நடக்கற சென்டர்ல, 6 முதல் 9ஆம் வகுப்பு வரைக்கும் படிக்கற பிள்ளைங்களுக்கு. கிளாஸ்ல என்ன பாடம் நடக்குதுன்னு அது பாக்காது, இந்தப் பிள்ளை உண்மையில எந்த லெவல்ல இருக்குன்னு பாத்து அங்கேர்ந்து கேள்வி கேக்கும். பாத்தா 6ஆம் வகுப்புப் பிள்ளைங்க கணக்குல சராசரியா ரெண்டரை வகுப்பு பின்தங்கி இருந்துச்சு. அதாவது அந்தப் பிள்ளைக்கு ஆறாங்கிளாஸ் புத்தகமே அந்நிய பாஷை மாதிரி. நாலரை மாசத்துல கணக்குலயும் ஹிந்தியிலயும் நல்ல முன்னேற்றம் வந்துச்சு, சும்மா பேச்சுக்கு இல்ல, குலுக்கல் போட்டு ரெண்டு குழுவாப் பிரிச்சு ஒப்பிட்டுப் பாத்த ஆய்வு. இதுல பல பேர் கவனிக்காம விடற ஒரு விஷயம், அங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற நேரம் பாதிதான், மீதிப் பாதி ஒரு ஆள் சின்னக் குழுவா உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கற நேரம். சாஃப்ட்வேரை மட்டும் வாங்கிட்டு அந்த ஆளை விட்டுட்டா அதே ரிசல்ட் வரும்னு யாரும் நினைச்சுடக் கூடாது.

பிள்ளைங்க கையில கம்ப்யூட்டர் குடுக்கறதுல எனக்குப் பிடிச்ச ஒண்ணு, அது தப்பை மறைக்க விடாது. ஸ்க்ராட்ச்னு ஒண்ணு, பிள்ளைங்க கட்டளை கட்டளையா அடுக்கி புரோகிராம் எழுதப் பழகற மொழி, அதுல ஒரு சதுரம் வரையச் சொன்னா பிள்ளை ஈஸியா வரைஞ்சுடும், நேரா போ, 90 டிகிரி திரும்பு, நாலு வாட்டி. அடுத்து சமபக்க முக்கோணம் வரைன்னு சொல்லுங்க. புத்தகத்துல படிச்சது ஞாபகம் வரும், ஒவ்வொரு கோணமும் 60, அதனால 60 டிகிரி திரும்புன்னு போடும், மூணு வாட்டி. முக்கோணம் வராது. அறுகோணத்துல பாதி மாதிரி ஒரு திறந்த உருவம் வந்து நிக்கும். அந்த நேரத்துல பிள்ளை முகத்தைப் பாக்கணும். "டீச்சர் கம்ப்யூட்டர் தப்பு"ன்னு சொல்லும். சரி, நீயே எழுந்து தரையில நடந்து பாருன்னு சொன்னா, மூலையில தான் எவ்வளவு திரும்பறோம்னு உடம்புக்குத் தெரியும், 60 இல்ல 120ன்னு. வெளிக்கோணம்னு நான் போர்டுல எழுதி வருஷக்கணக்கா மண்டையில ஏறாதது அங்க ஏறிடும். இதுவும் புதுசு இல்லங்க, 1967லயே பேபர்ட்னு ஒரு கணித ஆராய்ச்சியாளரும் அவரோட ஆளுங்களும் லோகோன்னு ஒரு மொழி செஞ்சு, ஒரு ஆமையை ஓட விட்டுப் படம் வரைய வெச்சு இதைத்தான் பிள்ளைங்களுக்குக் குடுத்தாங்க. ஸ்க்ராட்ச் 2007ல வந்த அதோட வாரிசு. அம்பது வருஷத்துக்கு மேல ஆகியும் பாதி ஸ்கூல்ல கம்ப்யூட்டர் பீரியட்னா இன்னும் மவுஸோட பாகங்கள் எழுதிட்டு இருக்கோம், அது தனி வயித்தெரிச்சல்.

அறிவியல்ல ஃபெட் சிமுலேஷன், அதாவது பரிசோதனையைத் திரையிலயே செஞ்சு பாக்கறது, நல்ல சாமான், இலவசம், நோபல் வாங்கின இயற்பியல்காரர் கார்ல் வீமன் 2002ல ஆரம்பிச்சது. மின்சுற்று பாடத்துல பிள்ளைங்க கரன்ட் பல்புக்குள்ள போய் கொஞ்சம் தீந்துடும்னு நம்பிட்டு இருக்கும், அதுல எலக்ட்ரான் பல்புக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே வேகத்துல ஓடறது கண்ணுக்குத் தெரியும். ஆனா முதல்ல நிஜ பேட்டரி, நிஜ வயர், நிஜ பல்பு. எரியாம போறது, கனெக்‌ஷன் லூஸா இருக்கறது எல்லாம் கையில நடக்கணும், அப்புறம் தான் திரை. இந்த வரிசையை மாத்தினா பிள்ளைக்கு அது இன்னொரு வீடியோ கேம்.

சின்ன வகுப்புக்கு, அதாவது ஒண்ணு ரெண்டு மூணு, நான் ரொம்பக் கஞ்சன். எழுத்து கூட்டிப் படிக்கற வயசுல தாளும் பென்சிலும் தான். பேப்பர்ல படிக்கறதையும் திரையில படிக்கறதையும் ஒப்பிட்டு 2000லேர்ந்து 2017 வரைக்கும் வந்த 54 ஆய்வை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க, புரிஞ்சுக்கறதுல பேப்பர் தான் முன்னாடி, அதுலயும் தகவல் சொல்ற பாடம்னா வித்தியாசம் இன்னும் தெளிவு, கதைன்னா அவ்வளவு இல்ல. ஸ்வீடன் 2023ல திரும்ப அச்சுப் புத்தகத்துக்குக் காசு ஒதுக்க ஆரம்பிச்சுது. அவங்க செஞ்சாங்கங்கறதுக்காக நாமளும் குதிக்க வேண்டாம், ஆனா முன்னாடி போன ஆளு திரும்பி வர்றான்னா ஏன்னாவது கேக்கலாம்ல. கண்ணு சரியாத் தெரியாத பிள்ளை, படிக்கறதுல சிரமம் இருக்கற பிள்ளைங்க விஷயம் வேற. எழுத்தைப் பெருசாக்கறது, வாய்விட்டு வாசிச்சுக் காட்டறது, இதெல்லாம் அவங்களுக்கு ஆடம்பரம் இல்ல, கண்ணாடி மாதிரி அவசியம். எந்த வகுப்பா இருந்தாலும் அதைக் குடுத்துடணும்.

இப்ப எல்லாரும் கேக்கற ஏஐ. சாட்ஜிபிடி விதியே 13 வயசுக்குக் கீழ கூடாதுன்னு சொல்லுது, அதனால தொடக்க வகுப்புக்கு அந்தப் பேச்சே இல்ல, நடுநிலையில பெரிய பிள்ளைங்களுக்கு மட்டும் தான் கேள்வி வரும். துருக்கியில ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பிள்ளைங்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. சாதா சாட் மாதிரி ஏஐயைக் குடுத்த குழு பயிற்சிக் கணக்குல 48 சதவீதம் அதிகமா வாங்கிச்சு, அப்புறம் ஏஐயைப் பிடுங்கிட்டு பரீட்சை வெச்சா, ஏஐயே பாக்காத குழுவை விட 17 சதவீதம் கம்மி. இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாம குறிப்பு மட்டும் குடுக்கற மாதிரி, எங்க தப்பு வரும்னு டீச்சர்ங்க எழுதிக் குடுத்ததை வெச்சு ஏஐயை அமைச்சிருந்தாங்க, அந்தப் பிள்ளைங்களுக்கு அந்தச் சரிவு வரல. மெஷின் ஒண்ணுதான். பிள்ளை எங்க சறுக்கும்னு தெரிஞ்ச ஆளு அதுக்குப் பின்னாடி இருந்தாரா இல்லையாங்கறது தான் வித்தியாசம்.

ஆப் விக்க வர்றவங்ககிட்ட டேட்டா எங்க போகுதுன்னும் கேளுங்க. 2022ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கற மனித உரிமை அமைப்பு 49 நாட்டுல அரசுங்களே சிபாரிசு பண்ணின கல்வி ஆப்புங்களை ஆராஞ்சு பாத்துச்சு, பத்து ஆப்புல கிட்டத்தட்ட ஒம்பது ஆப்பு, பிள்ளைங்களோட தகவலுக்கு ஆபத்தான வேலை பண்ணிட்டு இருந்துச்சு. இதைக் கேட்டா விக்கற ஆளு பேச்சை மாத்துவாரு, மாத்த விடாதீங்க. கூடவே இன்னொண்ணு, நீங்க காட்டற டெமோவுல பிள்ளை தப்பா பதில் சொன்னா என்ன ஆகும்னு கேட்டுப் பாருங்க. நான் கேட்ட ஒரு தடவை வந்தவர் "தப்பான பதிலுக்கு சிவப்புக் கலர் வரும் மேடம்"னாரு. அவ்வளவுதான்.

இதெல்லாம் சொல்லிட்டு ஒண்ணை விட்டா நியாயம் இல்ல. நான் கேக்கற சாமானே கிடைச்சாலும், எந்தப் பிள்ளை எதுல தடுக்கி நிக்குதுன்னு லிஸ்ட் கையில வந்தாலும், அதை எந்த நேரத்துல உக்காந்து பாக்கறது? எட்டு பீரியட்ல ஏழு கிளாஸ், மீதி ஒண்ணுல லீவு போட்டவங்க கிளாஸ், அப்புறம் ரெஜிஸ்டர், அப்புறம் அந்த ஆப்புலயே போட்டோ அப்லோட் பண்ணு, அட்டென்டன்ஸ் அப்லோட் பண்ணுன்னு மேல இருந்து மெசேஜ். வேலையைக் குறைக்க வந்த டெக்னாலஜி டீச்சரை டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் ஆக்கி வெச்சிருக்கு. டிரெயினிங்னு ஒரு நாள் கூப்பிட்டு எந்த பட்டனை அமுக்கணும்னு காட்டிட்டு அனுப்பிடறாங்க, தசமத்துல பிள்ளை எப்படியெல்லாம் தப்பா யோசிக்கும்னு அங்க யாரும் பேசறதில்ல.

அதனால ஸ்கூல்ல எதுவோ வாங்கப்போறாங்கன்னு மீட்டிங் போட்டா நான் மாடல், கம்பெனி எதுவும் கேக்கறதா இல்ல. டைம்டேபிளைத் தான் கேக்கப்போறேன். வாரத்துக்கு ரெண்டு பீரியட், ஒரே வகுப்பு எடுக்கற டீச்சருங்க சேர்ந்து உக்காந்து அந்த வாரம் பிள்ளைங்க பண்ணின தப்பைப் பாக்க. அதைக் குடுக்க முடியாதுன்னா திரையும் வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னொரு டீச்சரைப் போடுங்கன்னு சொல்லுவேன். ஒத்துக்க மாட்டாங்க, தெரியும். மினிட்ஸ்லயாவது எழுதட்டும்.