306 புலிகளும் மாமாவின் ஒரு மாடும்

உலகப் புலிகள் தினமான ஜூலை 29 வந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு புலிப் படம் போட்டுவிடுவார்கள். போன முறை சித்தி பையன் போட்டான்: "தமிழ்நாட்டில் 2006-இல் 76 புலிகள். 2022-இல் 306. பெருமைப்படுவோம்!" நாலைந்து கைதட்டல்கள் விழுந்தன. அப்புறம் கூடலூரிலிருந்து மாமா ஒரு வரி எழுதினார்: "அதுல ஒண்ணு எங்க தேயிலைக்குள்ளதான் சுத்துது. பெருமைப்படறவங்க வந்து பார்த்துட்டுப் போங்க."

குழு கப்சிப் என்று ஆகிவிட்டது. சித்தி பையன் போட்ட எண் சரியானதுதான். மாமா சொன்னதும் பொய்யில்லை. இரண்டு பேரும் உண்மை பேசியும் ஏன் முட்டிக்கொள்கிறது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புலிக்கு எண்ணிக்கையில் இலக்கு வைத்த கதை 2010 நவம்பரில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்குகிறது. புலிகள் வாழும் 13 நாடுகளும் அங்கே கூடின. அப்போது உலகம் முழுக்கக் காட்டில் சுமார் 3,200 புலிகள்தான் இருப்பதாக மதிப்பிட்டிருந்தார்கள். அதை 2022-க்குள் இரட்டிப்பாக்குவது என்று முடிவானது. ஜூலை 29 புலிகள் தினமானதும் அங்கேதான்.

அது ஏன் 2022? பலருக்குத் தெரியாது. சீன நாள்காட்டியில் 2010 புலி ஆண்டு, அடுத்த புலி ஆண்டு 2022. காட்டில் எவ்வளவு மான் இருக்கிறது, பெண் புலி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை குட்டி போடும் என்றெல்லாம் கணக்குப் போட்டு வந்த கெடு இல்லை இது. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள். நாமும் முகூர்த்தம் பார்க்கிற ஊர்தான், எனக்கு அதில் பெரிய குறை இல்லை. ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் தயாரா என்று பார்த்துவிட்டுத்தானே முகூர்த்தம் குறிப்போம்?

எண் எப்படிப் பொய் சொல்லும் என்பதை நாம் அதற்கு முன்பே ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டோம். ராஜஸ்தானின் சரிஸ்கா. 2004 வரை அங்கே 15-க்கு மேல் புலிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொன்னது. 2005-இல் போய்த் தேடினால் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் மொத்தத்தையும் காலி செய்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எண்ணிய விதம் அப்படி. தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வெளிக்கோட்டை வரைந்துகொள்வார்கள், அதைப் பார்த்து "இது அந்தப் புலி, இது இந்தப் புலி" என்று பிரிப்பார்கள். ஈர மண்ணில் ஒரு மாதிரி, புழுதியில் ஒரு மாதிரி விழுகிற தடம். எண்ணுகிறவர் மனசு வைத்தால் ஒரே புலி மூன்றாகிவிடும். போன வருடத்தை விடக் குறைந்தால் கேள்வி வரும் என்றால் யாருக்குத்தான் மனசு வராது?

சில வருடங்களுக்கு முன் ஒரு வனவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாகப் போயிருந்தேன். விடியற்காலையில் நேர்க்கோட்டில் இரண்டு கிலோமீட்டர் சத்தமில்லாமல் நடந்து, கண்ணில் படும் மான், காட்டுமாடு எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். திரும்பும்போது புழுக்கைகளை எண்ண வேண்டும். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் தற்காலிகப் பணியாளர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். டீ குடிக்கும்போது சொன்னார்: "எண்ணிக்கை ஏறினா பெரியவங்களுக்கு மாலை சார். இறங்கினா எங்களுக்கு மெமோ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இலக்கு வைப்பதைப் பற்றி நான் படித்த எதுவும் விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

சரி, இப்போது முறை மாறிவிட்டது. புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் 1990-களில் தொடங்கி வைத்த தானியங்கி கேமரா முறைதான் இன்று நாடு முழுக்க. கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காலைப் பந்தியில் 100 பேரைப் படம் எடுக்கிறீர்கள். மதியப் பந்தியிலும் 100 பேரை எடுக்கிறீர்கள், அதில் 50 முகங்கள் காலையிலேயே பார்த்தவை. அப்படியென்றால் காலையில் எடுத்த நூறு பேர் மொத்தக் கூட்டத்தில் ஏறக்குறைய பாதி, வந்திருப்பவர்கள் சுமார் 200. புலிக்கு முகத்துக்குப் பதில் வரி, நம் கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனி. 2018-இல் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள், கின்னஸில்கூட ஏறியது.

இந்த முறை நல்ல முறை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது தருவது ஒரு மதிப்பீடு, ஒரு வீச்சு. 2022 கணக்கின்படி இந்தியாவில் 3,167-க்கும் 3,925-க்கும் இடையில், சராசரியாக 3,682. வாட்ஸ்அப்பில் அந்த வீச்சு வராது, ஒற்றை எண்தான் வரும். 2006-இல் சொன்ன 1,411-இல் சுந்தரவனக் காட்டின் புலிகள் சேரவே இல்லை என்பதும் வராது. கேமராவும் தேடிய பரப்பும் சுற்றுக்குச் சுற்று கூடியதால் புதிதாகக் கண்ணில் பட்ட புலிகளும் கணக்கில் உண்டு. புலி பெருகியதும் நிஜம். எவ்வளவு பெருகியது, எவ்வளவு நம் கண் பெருகியது என்று பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம்.

என் உண்மையான மனத்தாங்கல் வேறு. மொத்த எண் "எங்கே" என்பதை மறைத்துவிடும். 2018-இல் 2,967 வந்ததும், இலக்கை நான்கு வருடம் முன்பே தொட்டுவிட்டோம் என்று கொண்டாடினோம். அதே அறிக்கையில் பக்ஸா, டம்பா, பலாமூ என்ற மூன்று புலிகள் காப்பகங்களில் ஒரு புலிகூட இல்லை என்று இருந்தது. உலகக் கணக்கிலும் இதே கதைதான். இந்தியாவும் நேபாளமும் ஏற்றிவிட்டன, கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்றிலும் காட்டுப்புலி அற்றுப்போய்விட்டது. மலேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள், அந்நாட்டு அரசுச் சின்னத்திலேயே இரண்டு புலிகள் நிற்கின்றன. 2008-இல் அவர்கள் போட்ட திட்டத்தின் இலக்கு 2020-க்குள் 1,000 புலிகள். அப்போது 500 இருப்பதாக நம்பினார்கள். இன்று 150-க்கும் குறைவு. இலக்கு காகிதத்தில் இருந்தது, காட்டில் வேட்டைக்காரர்களின் சுருக்குக் கம்பி இருந்தது.

இனி ஜெயித்த பக்கத்தைப் பாருங்கள். நேபாளம் 2009-இல் 121 புலிகளோடு தொடங்கி 2022-இல் 355-ஐத் தொட்டது. இரட்டிப்பு கேட்டால் ஏறக்குறைய மும்மடங்கு கொடுத்தது. பர்தியா தேசியப் பூங்காவில் மட்டும் 18 புலிகள் 125 ஆயின. 2022 ஜூனில் அதே பர்தியா பக்கத்து மக்கள் வனவிலங்குத் தாக்குதல்களைக் கண்டித்துச் சாலையில் இறங்கினார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு இளம்பெண் இறந்துபோனார். அடுத்த மாதம் 29-ஆம் தேதி 355 என்ற எண் அறிவிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து அந்நாட்டின் அப்போதைய பிரதமர் கே.பி. சர்மா ஒலி, இவ்வளவு சின்ன நாட்டுக்கு இத்தனை புலிகள் அதிகம், 150 போதும், மிச்சத்தை வேறு நாடுகளுக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்ற பொருளில் பேசினார். எல்லோரும் அவரைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. இரட்டிப்பு என்ற இலக்கு எவ்வளவு யோசித்து வந்ததோ, 150-உம் அவ்வளவு யோசித்து வந்ததுதான். ஏற்றத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு, எது போதும் என்பதைப் பேசாமல் விட்டால் ஒருநாள் அரசியல்வாதிதான் வந்து பேசுவார்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாவிட்டால் நிதி அமைச்சகத்தில் எந்தக் கோப்பும் நகராது. பெரிய விலங்குக்கு ஒரு இலக்கு வைத்ததால்தான் சத்தியமங்கலம் 2013-இல் புலிகள் காப்பகமானது, அங்கே புலி கூடியதற்கு உலக விருதும் வந்தது. அந்தக் காட்டுக்கு ஒருகாலத்தில் இருந்த பெயர் நமக்குத் தெரியும். ஆனால் எதை எண்ண வேண்டும் என்பதில்தான் என் சண்டை.

ஒரு புலி வருடத்துக்குச் சுமார் 50 பெரிய இரைகளை அடிக்கும். இரைக்கூட்டம் தேயாமல் அதைத் தாங்க, ஒரு புலிக்கு ஏறத்தாழ 500 மான், காட்டுமாடு போன்றவை வேண்டும். தமிழ்நாட்டின் 306 புலிகளுக்கு ஒன்றரை லட்சம். அவை தின்னப் புல் வேண்டும். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் உண்ணிச்செடி என்ற களை மண்டிய இடங்களில் புல் எங்கே முளைக்கும்? என்னைக் கேட்டால் இலக்கை அங்கே வைக்க வேண்டும்: இந்த வருடம் எத்தனை ஹெக்டேர் உண்ணிச்செடி எடுத்தோம், அதில் புல் வந்ததா, மான் கூடியதா. குட்டியோடு திரியும் பெண் புலிகள் காப்பகவாரியாக எத்தனை என்று பார்க்கலாம். இரை இருந்தால் புலி தானாக வரும், அதற்கு இரட்டிப்பாகு என்று உத்தரவு போட வேண்டியதில்லை.

இன்னொரு இலக்கும் உண்டு. மாடு போனவருக்கு எத்தனை நாளில் இழப்பீடு கிடைத்தது? 2021-இல் கூடலூர், மசினகுடி பக்கம் மனிதர்களையும் மாடுகளையும் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை 21 நாள் தேடி உயிரோடு பிடித்தார்கள். நாடே பார்த்தது. 2023-இல் நீலகிரியில் இரண்டே மாதத்தில் குட்டிகளையும் சேர்த்து 10 புலிகள் செத்தன. அதில் இரண்டு, மாட்டைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் ஒருவர் அந்த மாட்டின் உடலில் விஷம் வைத்துச் செத்தவை. அவர் செய்தது குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் மாடு செத்த மறுவாரமே பணம் கைக்கு வரும் என்ற நம்பிக்கை ஊரில் இருந்தால் அந்த விஷப் புட்டியை எடுக்கும் கைகள் குறையும். இதை எண்ண கேமராகூடத் தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மாமாவுக்குப் போன வருடம் கறவை மாடு ஒன்று போனது. மனு கொடுத்தார், படம் கொடுத்தார், கால்நடை மருத்துவர் சான்றிதழும் கொடுத்தார். பணம் வர ஏழு மாதம் ஆனது, அதுவும் மாட்டின் விலையில் பாதிகூடத் தேறவில்லை. அவர் புலியைத் திட்டி நான் கேட்டதில்லை. "அது பசிக்குத் தின்னுச்சு, அதுக்கு என்ன தெரியும்" என்பார். ஆபீஸ் படியேறி இறங்கியதைப் பற்றித்தான் பேசுவார்.

2022-க்கு அடுத்த கணக்கெடுப்பு 2026. அதன் எண் வரும்போது சித்தி பையன் மறுபடியும் படம் போடுவான். போன வாரம் மாமாவிடம் போனில் இதைச் சொன்னேன். "எங்க தோட்டத்து ஓரத்துலயும் ரெண்டு கேமரா கட்டியிருக்காங்கடா" என்றார். "அதுல புலிக்கு முன்னாடி என் மாடுதான் தினம் ரெண்டு தடவை விழும். அதையும் யாராவது எழுதிக்கிறாங்களான்னு கேட்டுச் சொல்லு."