கிருஷ்ணகிரி மலையில் கல் உருட்டியவனுக்குப் பெயர் வேண்டுமாம்

மிலிட்டரியில் பதினேழு வருடம் இருந்தேன் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" ஒருத்தரையும் சுட்டதில்லை. நான் ஏ.எஸ்.சி., அதாவது சப்ளை. மாவு, பருப்பு, உருளைக்கிழங்கு, மண்ணெண்ணெய். லடாக் பக்கம் இருந்தபோது சோஜி லா கணவாயைப் பனி மூடுவதற்குள் குளிர்காலம் முழுவதற்குமான சாமான் மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும். கணக்கில் ஒரு லாரி தப்பினால், ஜனவரியில் யாரோ ஒரு பையனின் தட்டில் அது தெரியும். கேட்டவர் முகம் கொஞ்சம் வாடிவிடும். பரவாயில்லை, பழகிவிட்டது.

ஊருக்குத் திரும்பிய பிறகு, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்துப் பக்கம்தான், பிள்ளைகளுக்காகப் போர் வரலாறு எழுத ஆரம்பித்தேன். சின்னச் சின்னப் புத்தகங்கள். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது இப்போது நடுவழியில் நிற்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

அந்தப் புத்தகம் 1791ஆம் ஆண்டு பற்றியது. மூன்றாம் மைசூர்ப் போர், திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்தது. அமெரிக்காவில் 1781இல் சரணடைந்தாரே ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ், அதே ஆள்தான் இங்கே வந்து மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போனார். சண்டையில் அவருடைய கைதான் ஓங்கியிருந்தது. ஆனாலும் திரும்பி வர வேண்டியதாயிற்று. ஏன்? மாடு செத்தது. மழை பிடித்துக்கொண்டது, தீவனம் இல்லை, அரிசி இல்லை. கோட்டையை இடிக்கக் கொண்டுபோன பெரிய பீரங்கிகளை இழுக்க மாடில்லாமல், அவற்றை அவர்களே உடைத்துப் போட்டுவிட்டு நடந்தார்கள்.

சரி, இதில் நம் ஊர் எங்கே வருகிறது? அங்கேதான் வருகிறது. அடுத்த முறை அந்த மாதிரி ஆகக்கூடாது என்றால் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அரிசியும் மாடும் மேலே ஏறிவரும் பாதைகள் கையில் இருக்க வேண்டும். அந்தப் பாதைகளின் மேல் உட்கார்ந்திருந்தவை பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் கோட்டைகள். ஜூலையில் ஓசூர் கம்பெனி கைக்குப் போயிற்று, ராயக்கோட்டை போயிற்று. அக்டோபர் கடைசியில் பென்னாகரம். நாம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கும் இந்த மலைகளுக்காக ஏன் இவ்வளவு பேர் செத்தார்கள் என்பதற்கான விடை அரிசி மூட்டைக்குள் இருக்கிறது. சப்ளைக்காரன் இதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

அப்புறம் நவம்பரில் கிருஷ்ணகிரி. கம்பெனியின் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை இரவில் வந்து கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டது. ஓடுகிறவர்களோடு சேர்ந்து மேல்கோட்டைக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்று ஏணிகளோடு ஏறினார்கள். மேலே இருந்த திப்புவின் ஆட்கள் கதவை அடைத்துவிட்டுக் கல்லை உருட்டினார்கள். பெரிய பெரிய பாறைகள். ஏணி நொறுங்கியது, ஏணி தூக்கியவர்களும் நொறுங்கினார்கள். திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். கிருஷ்ணகிரியை அப்போது சண்டை போட்டுப் பிடிக்கவே முடியவில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் பதிப்பகத்தாரோடு தகராறு. அவர் கெட்டவர் இல்லை. என் முதல் புத்தகத்தை நஷ்டத்தில் போட்டவர். கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "அண்ணே, நல்லாயிருக்கு. ஆனா ஹீரோ இல்லையே. முதல் கல்லை உருட்டினது ஒரு பன்னிரண்டு வயசுப் பையன்னு வையுங்க. ஒரு பேரு கொடுங்க. மாட்டுக் கதையெல்லாம் பாதியாக் குறைச்சிரலாம்." அட்டையில் பொதிமாடு வேண்டாம், குதிரை மேல் வாளோடு ஒருவன் என்றும் சொன்னார். குதிரையில் ஏறி அந்த மலை மேல் எப்படிப் போவான் என்று கேட்டேன். அட்டைதானே என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதமாகப் பிரதி அவருடைய மேசையில் கிடக்கிறது.

இது வீம்பு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அவர்கூட "பிள்ளைகளுக்கு ஒரு முகம் வேண்டாமாய்யா? பாறைக்கு முகம் இல்லையே" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கதை என்று அட்டையில் போட்டு எழுதினால் எனக்கும் ஆட்சேபணை இல்லை, நூறு பையன்களை உருவாக்கலாம். வரலாறு என்று போட்டுவிட்டு அப்படிச் செய்தால் என்ன ஆகும்? பத்து வருடத்தில் அந்தப் பையனுக்கு ஒரு சாதி கண்டுபிடிப்பார்கள். இருபது வருடத்தில் பிறந்தநாள் வரும், பேனர் வரும். நான் மிகைப்படுத்தவில்லை, நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. கல்லை உருட்டியவனுக்குப் பெயர் இல்லை என்பதே வரலாறுதான். சண்டையில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளைக் கம்பெனிக்காரர்கள் பெயரும் பதவியும் போட்டு எழுதுவார்கள். அவர்களுக்காகவே ஏணி தூக்கிச் செத்த மதராஸ் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. மேலே நின்று காத்தவர்களுக்கு அதுவும் இல்லை. அதே வட்டாரத்தில், செங்கம் பக்கம் எடத்தனூரில், ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டுச் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. கூடவே நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த அவனுடைய நாய்க்கும் அதில் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் நிற்கிறது, கிருஷ்ணகிரியைக் காப்பாற்றியவன் பெயர் இருநூற்றிச் சொச்ச வருடத்தில் காணாமல் போய்விட்டது. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் அது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கும். நான் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டையில் நான் ஒரு பொம்மைப் பையனை வைத்து அடைத்துவிட்டால் அப்புறம் அது எதை யோசிக்கும்?

மாட்டுக் கதை பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்பதும் தப்பு. தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை மொட்டை மாடியில் உட்காரவைத்துப் படித்துக்காட்டினேன். கணக்கும் போடச் சொன்னேன். பத்தாயிரம் பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசி. ஒரு பொதிமாடு எண்பது கிலோ சுமக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சோற்றுக்கே அறுபத்துச் சொச்சம் மாடு. ஒரு மாதத்துக்கு ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். உடனே ஒரு பெண் கேட்டாள், "அந்த மாடுங்க என்ன தின்னும் தாத்தா?" பட்டாளத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத அதிகாரிகளிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தானியப் பொதியோடு படைகளின் பின்னால் போனவர்கள் பெரும்பாலும் லம்பாடிகள் என்று சொன்னதும், அவளே, "சித்தேரி, சிட்டிலிங்கிப் பக்கம் இருக்காங்களே அவங்களா?" என்றாள். சிட்டிலிங்கியில் லம்பாடித் தண்டாக்கள், அதாவது அவர்களுடைய குடியிருப்புகள், இருப்பது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அம்மாவின் ஊர் அந்தப் பக்கமாம்.

யாரும் ஹீரோ எங்கே என்று கேட்கவில்லை. மேலே இருந்தவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள். ராத்திரியில் கல் எங்கே போகிறது என்று எப்படித் தெரியும் என்றார்கள். ஒரு பொடியன், "கல்லு தீர்ந்து போயிடலையா?" என்றான். கிருஷ்ணகிரியில் அன்றைக்குக் கல் தீர்ந்திருக்காது. இப்போது கிரானைட்டுக்கு வெட்டுகிற வேகத்தைப் பார்த்தால் அவன் கேட்டது நியாயமான கேள்விதான்.

சண்டையை வாளில் பார்க்காமல் சாமானிலும் பட்டறையிலும் பார்ப்பது நம் தகடூர்க்காரர்களுக்கு, அதாவது பழைய தருமபுரிக்காரர்களுக்கு, புதிதுமில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை என்ன சொன்னாள்? உன் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை போட்டுப் பளபளவென்று காவல் மனையில் இருக்கின்றன, எங்களுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். பத்தாம் வகுப்பில் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று மனப்பாடம் செய்தேன். பழுது பார்க்கப் போன வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பிறகுதான், சண்டை நடக்கிற இடம் எது என்று பட்டறையைப் பார்த்தே சொல்லிவிட்டாள் என்று உறைத்தது.

பதிப்பகத்தாருக்கு நேற்று போன் செய்து பிரதியைத் திருப்பிக் கேட்டுவிட்டேன். கோபமெல்லாம் இல்லை, இருவரும் டீ குடித்துத்தான் பிரிவோம். பென்ஷனிலிருந்து எடுத்து முந்நூறு பிரதி நானே அடிப்பதாக இருக்கிறேன். அட்டையில் மாடுதான்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மொட்டை மாடிப் பிள்ளைகளோடு சையத் பாஷா மலை, அதாவது அந்தக் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை, ஏறுகிறோம். கோட்டை வரைக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வரலாம், பெரியவர்கள் கூட வந்தால்தான் சேர்த்துக்கொள்வேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் சாப்பாடு. அவரவர் சுமையை அவரவர்தான் தூக்க வேண்டும். புறப்படுவதற்கு முன் நான் எண்ணிப் பார்ப்பேன்.